நான்கரை நாள் கப்பல் உடைந்ததா?

ஐயா, வணக்கம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா கட்டிய ‘லிபர்ட்டி’ சரக்குக் கப்பல்களைப் பற்றிப் படித்தேன். நான்கரை நாளில் ஒரு கப்பலைக் கட்டிய அவசரமும், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளுக்குப் பதில் வெல்டிங் செய்ததும்தான் துறையில் நின்றபடியே ஒரு கப்பல் பிளக்கக் காரணமாமே, உண்மையா?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு திருத்தம். 1943 ஜனவரியில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் துறையில் நின்றபடியே பிளந்த ‘ஷெனெக்டடி’ லிபர்ட்டி கப்பல் அன்று. டி-2 வகை எண்ணெய்க் கப்பல். கலிபோர்னியாவின் ரிச்மண்டில் 1942 நவம்பரில் நான்கரை நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் நீரில் இறங்கிய ‘ராபர்ட் இ. பியரி’யோ போர் முழுவதும் சரக்குச் சுமந்து, 1963இல்தான் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. பெரும் பகுதிகளை வேறிடத்தில் முன்பே செய்து அடுக்கி வைத்துவிட்டு, கட்டுமேடையில் அவற்றைப் பொருத்துவதற்கு மட்டும் ஆன காலமே அது. விளம்பரத்துக்காகச் செய்த சாதனை என்றே அதை நான் கொள்கிறேன். மற்றக் கப்பல்களுக்குச் சராசரியாக ஆறு வாரம் ஆனது.

லிபர்ட்டி கப்பல்களும் உடைந்தன என்பதை மறுப்பதற்கில்லை. 1943 நவம்பரில் அலாஸ்காவை ஒட்டிய கடலில் ‘ஜான் பி. கெய்ன்ஸ்’ இரண்டாகப் பிளந்து 10 பேர் மாண்டனர். இத்தகைய விரிசல்களை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் உலோகவியலாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர், குற்றத்தை முதன்மையாக எஃகின்மேல் வைத்தார்: வெதுவெதுப்பில் வளைந்துகொடுக்கும் மெழுகு குளிரில் சட்டென ஒடிவதுபோல, அன்றைய கப்பல் எஃகு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே இறங்கியதும் வளையாமல் முறிந்தது. சரக்கறை வாய்களின் சதுர மூலைகளில் இழுவிசை குவிந்ததால் விரிசல் பெரும்பாலும் அங்கே பிறந்தது.

வெல்டிங்கின் பங்கு அதற்குப் பிறகு வருகிறது. ஒட்டுப்போட்டுத் தைத்த துணியில் கிழிசல் தையலோரத்தில் நின்றுவிடக்கூடும். அதுபோல, ரிவெட் அடித்த உடலில் விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு நிற்க வாய்ப்புண்டு. வெல்டிங் செய்த உடலோ ஒரே துணி, கிழிசல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே மூலைகளை வளைவாக்கி, விரிசலைத் தடுக்கும் பட்டைகளை ரிவெட் அடித்துப் பொருத்தினார்கள். இனி வேலையில்லை என்று ஒதுக்கிய ரிவெட்டையே தேடி அழைத்துவந்த இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மொத்தம் கட்டப்பட்டவை 2,710. ஐந்தாண்டு தாங்கினால் போதும் என்று கருதப்பட்டவற்றில் நூற்றுக்கணக்கானவற்றைப் போருக்குப் பின் கிரேக்கக் கப்பல் உரிமையாளர்கள் உள்ளிட்டோர் வாங்கி 1960கள் வரை ஓட்டினார்கள்.

அன்புடன்.