செல்போன் பழுதும் உங்கள் உரிமையும்: கேள்வி பதில்

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, கூடப் போய் நிற்பது என்று நெடுநாளாக இந்த வேலையில் இருக்கிறேன். செல்போன் பழுது பற்றி வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று: ஜாப் ஷீட் (போனைப் பழுதுக்கு வாங்கிக்கொண்டதற்கு சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் சீட்டு) வாங்காமல் போனை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

கேள்வி (திருப்பூர்): 18,000 ரூபாய்க்கு வாங்கிய போன், நாலே மாதத்தில் தானாக ஆஃப் ஆக ஆரம்பித்தது. மூன்று தடவை சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுத் தருகிறார்கள். ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. புதுப் போனோ பணமோ கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம். குறையைச் சரிசெய்து தரவும், மாற்றுப் பொருள் கொடுக்கவும், பணத்தைத் திருப்பவும், அலைந்ததற்கு இழப்பீடு தரவும் உத்தரவு போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது.

சிக்கல் நிரூபிப்பதில்தான். 'இது உற்பத்திக் குறைபாடு என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கம்பெனி வக்கீல் கேட்பார். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. போனை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி 38-வது பிரிவின்படி கேட்கலாம். ஆய்வுக் கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டிவரும். அதற்கும் முன்னால் உங்கள் கையில் இருக்க வேண்டியவை அந்த மூன்று ஜாப் ஷீட்டுகள். ஒரே பழுதுக்கு மூன்று தடவை வந்திருக்கிறார் என்று அவர்கள் தாளிலேயே பதிவாகியிருந்தால் உங்கள் வழக்கில் பாதி வேலை முடிந்தது. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்று மட்டும் எழுதி நீட்டுவார். 'தானாக ஆஃப் ஆகிறது, மூன்றாவது முறை' என்று நீங்கள் சொன்னபடி எழுதினால்தான் கையெழுத்து என்று நில்லுங்கள். ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்), கொடுத்த தேதி, வாங்கிய தேதி, கீறல் உடைசல் இல்லை என்ற குறிப்பு, இத்தனையும் அதில் இருக்கட்டும்.

அப்புறம் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் புகார் பதியுங்கள். நகரவில்லை என்றால் உங்கள் மாவட்ட ஆணையம். கம்பெனியின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. விற்ற கடை, தயாரித்த கம்பெனி, சர்வீஸ் சென்டர் மூன்று பேரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் பழியை அவர்மேல் போட்டுவிட்டுப் போய்விடுவார். மனு போட இரண்டு வருடம் காலக்கெடு. 'அடுத்த வாரம் வாங்க' என்று அவர்கள் சொல்லச் சொல்ல அந்தக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி (கடலூர்): பில் தொலைந்துவிட்டது. அவ்வளவுதானா?

பதில்: இல்லை. கடையில் நகல் கேளுங்கள். பணம் கட்டிய வங்கிக் கணக்கு விவரமும் ஐஎம்இஐ அச்சிட்ட பெட்டியும் துணை ஆதாரம். கடைக்காரர் பில்லே தரவில்லை என்றால் அது நேர்மையற்ற வணிக முறை, தனிப் புகாருக்கே இடம் உண்டு.

கேள்வி (நாகர்கோவில்): உள்ளே இருக்கும் ஸ்டிக்கர் சிவப்பாகிவிட்டது, தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டி கிடையாது, மதர்போர்டுக்கு 11,500 கட்டு என்கிறார்கள். போன் தண்ணீர் பக்கமே போகவில்லை.

பதில்: அந்த ஸ்டிக்கர் ஈரம் பட்டால் நிறம் மாறும். ஈரம் எப்போது, எப்படிப் போனது என்று அது சொல்லாது. போன் கெட்டதற்கு அந்த ஈரம்தான் காரணமா என்றும் சொல்லாது. ஆகவே மூன்றைக் கேளுங்கள்: திறந்த நிலையில் எடுத்த போட்டோ, எந்த இடத்தில் அரிப்பு இருக்கிறது என்ற விவரம், இரண்டையும் சேர்த்து எழுத்தில் ஓர் அறிக்கை. வாயால் சொன்னதை ஏற்றுக்கொண்டு எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

போனை விற்கும்போது 'தண்ணீர் புகாது' என்று விளம்பரம் செய்திருந்தால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஐபி68 என்ற நீர்த்தடுப்புத் தரம் நல்ல தண்ணீரில், ஆய்வகத்தில் பார்த்தது. கடல் தண்ணீருக்கும் நீச்சல் குளத்துக்கும் அது உத்தரவாதம் இல்லை. ஆனால் விளம்பரப் படத்தில் குளத்தில் குதிப்பதைக் காட்டியிருந்தால் கதை வேறு. அப்படிப்பட்ட விளம்பரத்துக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2022-ல் சாம்சங் நிறுவனத்துக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நம் சட்டத்திலும் தவறான விளம்பரத்தின் மேல் நடவடிக்கை எடுக்க இடம் இருக்கிறது.

கேள்வி (ராமநாதபுரம், செல்போன் ரிப்பேர் கடை நடத்துபவர்): சார், நீங்களும் எல்லாரையும் கம்பெனி சர்வீஸுக்கே அனுப்புகிறீர்கள். அங்கே டிஸ்ப்ளேக்கு 9,000 வாங்குகிறார்கள். நாங்கள் 3,500-க்கு ஒரு மணி நேரத்தில் மாற்றிக் கொடுக்கிறோம். வெளியே திறந்தால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்தியே எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதமாட்டீர்களா?

பதில்: எழுதுகிறேன் அண்ணே, எழுத வேண்டிய விஷயம்தான். 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்குத் தராமல் பூட்டி வைத்தது அதில் பெரிய குற்றச்சாட்டு. வெளியே ரிப்பேர் செய்தார் என்பதற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது, வெளி வேலையால் எந்த அளவுக்குச் சேதமோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. அபராதத்தின் மேல் மேல்முறையீடுகள் நடந்தன. இருந்தாலும் அந்த நியாயம் செல்போனுக்கும் பொருந்தும் என்றே நான் வாதிடுவேன். 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுநீக்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டது, அதே வருட டிசம்பரில் ஒரு இணையதளமும் தொடங்கியது. பல கம்பெனிகள் அதில் தகவல் ஏற்றியிருக்கின்றன. ஆனால் உதிரிபாகத்தை உங்கள் கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் வரவில்லை. வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

கேள்வி (மதுரை, மேலே உள்ளதைப் படித்தவர்): அப்போது வாரண்டி இருக்கும்போதே வெளியே கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நான் சொன்னது வாதம். நுகர்வோர் ஆணையம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். இலவசமாகக் கிடைக்க வேண்டியதை எதற்குச் சண்டையாக்கிக்கொள்கிறீர்கள்? வாரண்டி முடிந்த பிறகு தாராளமாக வெளியே கொடுங்கள்.

கேள்வி (மீண்டும் ராமநாதபுரம்): பார்ட்ஸ் எங்களுக்குத் தருவதில்லை, அதனால் காப்பி டிஸ்ப்ளே போடுகிறோம். அது நாலு மாதத்தில் போனால் கஸ்டமர் எங்களோடு சண்டைக்கு வருகிறார். 300 ரூபாய் லாபத்துக்கு நான் ஆணையத்தில் போய் நிற்க வேண்டுமா?

பதில்: நிற்கும் நிலை வரலாம் அண்ணே. காசு வாங்கிச் செய்யும் ரிப்பேரும் சட்டப்படி 'சேவை'தான். கம்பெனி சென்டருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு உங்களுக்கும் உண்டு. உங்களைக் காப்பாற்றுவதும் ஒரு சீட்டுதான். 'ஒரிஜினல் இல்லை, காப்பி டிஸ்ப்ளே, மூன்று மாத உத்தரவாதம்' என்று எழுதிக் கொடுங்கள். வரும்போதே செத்துப்போயிருந்த போன் என்றால் அதையும் எழுதுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கஸ்டமர் கையில் கொடுங்கள். காப்பி போட்டது குற்றமாகாது. ஒரிஜினல் என்று சொல்லிக் காப்பி போடுவதுதான் குற்றம்.

கேள்வி (மூன்று ஊர்களிலிருந்து, ஏறக்குறைய இதே வார்த்தைகளில்): சர்வீஸ் சென்டரில் கொடுத்து ஒரு மாதமாகிறது, ஸ்பேர் வரவில்லை என்கிறார்கள். ஜாப் ஷீட் வாங்கவில்லை. என்ன செய்வது?

பதில்: முதல் பத்தியில் எழுதினேன், திருப்பூர்காரருக்கும் எழுதினேன். இன்றைக்கே அந்த சென்டருக்கு வாட்ஸ்அப்போ மின்னஞ்சலோ அனுப்புங்கள்: 'இன்ன தேதியில் இன்ன ஐஎம்இஐ எண் உள்ள போனை உங்களிடம் கொடுத்தேன், எப்போது தருவீர்கள்?' அவர்கள் 'ஸ்பேர் வரவில்லை' என்று பதில் போட்டால் போன் அவர்களிடம் இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த உரையாடலை அழிக்காதீர்கள். ஆணையத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி (சென்னை): உணவு டெலிவரி வேலை பார்க்கிறேன். தொழிலுக்குப் பயன்படுத்தும் போன், அதனால் நீ நுகர்வோரே இல்லை என்று கம்பெனி பதில் அனுப்பியிருக்கிறது.

பதில்: தவறான பதில் தம்பி. வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொல்வது உண்மை. அதே பிரிவிலேயே ஒரு விளக்கமும் இருக்கிறது: சுயவேலை மூலம் தன் பிழைப்பை நடத்த மட்டும் வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. 2-வது பிரிவின் 7-வது உட்பிரிவு. இந்த எண்ணைக் குறிப்பிட்டே பதில் எழுதுங்கள். போன் இல்லாமல் எத்தனை நாள் வேலை போனதோ அந்த வருமானத்தையும் இழப்பீட்டில் கேளுங்கள். டெலிவரி செயலியில் இருக்கும் வாராந்திர வருமானப் பக்கம் போதுமான ஆதாரம்.

கேள்வி (தஞ்சாவூர்): ஆன்லைனில் வாங்கினேன். ஏழு நாள் ரிட்டர்ன் முடிந்துவிட்டது, எங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள்.

பதில்: ஏழு நாள் என்பது அவர்கள் வைத்த விதி. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்பது 2020 மின்வணிக விதி. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு வர வேண்டும்.

கேள்வி (வேலூர்): போன் திருடு போய்விட்டது.

பதில்: இது என் துறை இல்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ஐஎம்இஐ எண்ணை முடக்குங்கள்.

கேள்வி (கரூர்): 1915-ல் போட்ட புகாரைத் தீர்வு இல்லாமலே மூடிவிட்டார்கள். இனி வழக்குப் போட முடியாதா?

பதில்: முடியும். அந்த உதவி மையம் நீதிமன்றம் இல்லை.

கேள்வி (சேலம்): ஆணையம் எனக்குச் சாதகமாக உத்தரவு போட்டு மூன்று மாதம் ஆகிறது. கம்பெனி பணம் தரவில்லை, மேல்முறையீடும் செய்யவில்லை.

பதில்: மேல்முறையீட்டுக்கு 45 நாள்தான். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி அவர்கள் பிறகும் வரலாம். அப்படி வந்தாலும் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டினால்தான் மாநில ஆணையம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் காத்திருக்க வேண்டாம். உத்தரவின் சான்றிட்ட நகலோடு அதே மாவட்ட ஆணையத்தில் 71-வது பிரிவின்படி நிறைவேற்று மனு போடுங்கள். கூடவே 72-வது பிரிவின்படியும் ஒன்று. உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பல கம்பெனிகள் இந்த இரண்டாவது மனுவின் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகுதான் காசோலை எழுதுகின்றன, அதனால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.