அமெரிக்க அரசின் மீது பெருநிறுவனங்களுக்கு இவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்குப் பலரும் 2010-ஆம் ஆண்டின் ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ தீர்ப்பிலிருந்து பதில் சொல்லத் தொடங்குவார்கள். வேட்பாளரோடு கூட்டுச் சேராமல் தனித்துச் செலவிடும் வரையில், நிறுவனங்கள் தேர்தலில் வரம்பின்றிச் செலவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சொன்ன தீர்ப்பு அது. ஆனால் அங்கே தொடங்கினால் அதற்கு முந்தைய 124 ஆண்டுக் கதை விடுபட்டுப் போகும். பணம் கொடுத்துப் பெற்ற செல்வாக்கு ஆட்சி மாறும்போது குறையலாம். அரசியல் சாசன உரிமையாகப் பெற்ற செல்வாக்கை எந்தத் தேர்தலாலும் எளிதில் பறிக்க முடியாது. அமெரிக்க நிறுவனங்களின் உண்மையான பலம் இந்த இரண்டாவது வழியில்தான் சேர்ந்தது என்பது என் கருத்து.

உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை நிலையிலிருந்து மீண்ட கறுப்பின மக்களின் உரிமையைக் காக்க 1868-இல் 14-ஆவது திருத்தம் நிறைவேறியது. சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த ‘நபருக்கும்’ மாநிலங்கள் மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்த ஒற்றைச் சொல்லை ரயில் நிறுவனங்கள் பற்றிக்கொண்டன. கலிபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்டம் கேட்ட வரியைக் கட்ட மறுத்த சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் மீதான வழக்கில், 1886-இல் உச்ச நீதிமன்றம் ரயில் பாதை வேலிகளின் மதிப்பீடு பற்றிய சிறிய காரணம் ஒன்றைக் கொண்டே நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நிறுவனமும் ‘நபரா’ என்ற பெரிய கேள்விக்குத் தீர்ப்பில் விடையே இல்லை. ஆனால் விசாரணைக்கு முன்பு தலைமை நீதிபதி வெய்ட், நிறுவனங்களுக்கும் இத்திருத்தம் பொருந்தும் என்றே நாங்கள் அனைவரும் கருதுகிறோம், அதைப் பற்றிய வாதம் வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் பொறுப்பிலிருந்த பேன்கிராஃப்ட் டேவிஸ், முன்பு தாமே ஒரு ரயில் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர், அந்த வாய்மொழியைத் தீர்ப்பின் முகப்புக் குறிப்பில் சேர்த்துவிட்டார். குறிப்புக்குச் சட்ட வலிமை கிடையாது. ஆயினும் பின்வந்த வழக்குகள் அதையே முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டன.

விளைவை 1938-இல் நீதிபதி ஹியூகோ பிளாக் தம் மாறுபட்ட தீர்ப்பில் கணக்கிட்டுக் காட்டினார். திருத்தம் வந்து முதல் ஐம்பது ஆண்டுகளில் அதைப் பயன்படுத்திய உச்ச நீதிமன்ற வழக்குகளில் கறுப்பின மக்களைக் காக்க எழுந்தவை அரை சதவீதத்துக்கும் குறைவு. நிறுவனங்களுக்கு அதன் பலனைக் கேட்டவை பாதிக்கும் மேல். எத்தனையோ உயிர்களைக் கொடுத்துப் பெற்ற ஒரு பாதுகாப்பு, அதற்குரியவர்களுக்குப் பயன்படாமல் வேறு கைக்குப் போனதை இந்தக் கணக்கைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

மக்களாட்சித் தரப்பும் சும்மா இருந்துவிடவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் தேர்தல் நிதிக்குப் பணம் கொடுத்தது 1905-இல் வெளிப்பட்டதும், 1907-இல் கூட்டாட்சித் தேர்தல் வேட்பாளர்களுக்கு நிறுவனங்கள் நன்கொடை தருவதை டில்மன் சட்டம் தடை செய்தது.

அடுத்த திருப்பம் 1971 ஆகஸ்ட். லூயிஸ் பவல் என்ற வழக்கறிஞர், பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்தவர், அமெரிக்க வர்த்தக சபைக்கு ஒரு மந்தணக் குறிப்பு எழுதினார். வணிக உலகம் பல்கலைக்கழகங்களிலும் ஊடகங்களிலும் அரசியலிலும் திட்டமிட்டுச் செயல்பட வேண்டும். எல்லாவற்றிலும் நீதிமன்றமே மிக முக்கியமான கருவியாக அமையலாம் என்பது அவர் யோசனை. இரண்டே மாதத்தில் அதிபர் நிக்சன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். 1978-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வருமான வரி குறித்த பொது வாக்கெடுப்பில் வங்கிகளும் நிறுவனங்களும் செலவு செய்வதைத் தடுத்த சட்டம் 5-க்கு 4 என்ற கணக்கில் வீழ்ந்தபோது, பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பவல்தான். 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதன் மேல் எழுந்தது. சில வாரங்களில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்பாளரோடு சேராமல் தனித்துச் செலவிட வரம்பின்றி நிதி திரட்டும் ‘சூப்பர் பேக்’ குழுக்களுக்கு வழி திறந்தது; 2024 தேர்தலில் ஈலோன் மஸ்க் ஒருவரே 25 கோடி டாலருக்கு மேல் செலவிட முடிந்தது.

இதெல்லாம் சாதாரண மனிதரை எங்கே தொடுகிறது என்பதை நான் நியூ ஜெர்சியில் குடியிருந்தபோது பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை விலை தாங்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு வந்தார். முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் மருந்துச் செலவைச் சேர்த்த 2003-ஆம் ஆண்டுச் சட்டம், மருந்து நிறுவனங்களோடு அரசு விலை பேசுவதையே தடை செய்திருந்தது. முன்னாள் படைவீரர்களுக்கான துறை விலை பேசலாம். கோடிக்கணக்கானோருக்கு மருந்து வாங்கும் மெடிகேர் பேசக் கூடாது! வழக்கமாக 15 நிமிடத்தில் முடியும் வாக்கெடுப்பை விடியற்காலையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீட்டித்து, 220-க்கு 215 என்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றினார்கள். சட்டத்தை உருவாக்கியதில் முன்னின்ற குழுத் தலைவர் பில்லி டாசின், பதவிக்காலம் முடிந்ததும் 2005-இல் மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவரானார். கையூட்டு என்று யாரும் வழக்குப் போட முடியாது. அனைத்தும் சட்டப்படி நடந்தவை. என்னை வருத்துவதும் அதுவே.

அந்தத் தடையைத் தளர்த்த 19 ஆண்டுகள் ஆயின. 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி பேசி முடித்த முதல் பத்து மருந்துகளின் விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தார்கள். அப்பெரியவர் வகை மாத்திரைகளும் அந்தப் பத்தில் உண்டு. விலை பேசத் தொடங்கும் முன்பே மருந்து நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றிருந்தன. 2023 ஜூனில் முதலில் வழக்குத் தொடுத்த மெர்க், அரசு குறிக்கும் விலையை ‘நியாயமான விலை’ என ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைப்பது தன் பேச்சுரிமையைப் பறிப்பதாகும் என்று வாதிட்டது. இத்தகைய வாதங்களைக் கீழமை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. ஆனால் 1886-லும் 1978-லும் 2010-லும் முடிவைச் சொன்னது உச்ச நீதிமன்றம் என்பதால், இந்த வழக்குகள் அங்கே போய்ச் சேருகின்றனவா என்பதையே நான் கவனித்து வருகிறேன்.