புள்ளி வைத்த எழுத்தில் நின்ற புதிர்

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் என் மருமகள் ஞாயிறு பூராவும் ‘அக்ராஸ்டிக்’ என்று ஒரு புதிர்ப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் கிடைப்பது யாரோ எழுதிய நாலு வரி. கூகுளில் தேடினால் அரை நிமிடத்தில் வந்துவிடாதா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: எதைப் போட்டுத் தேடுவார்? எந்த வரி என்று தெரிந்தவர்தானே தேட முடியும்? அவர் முன்னால் இருப்பது வெறும் கட்டங்கள்.

ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இருபது, இருபத்தைந்து குறிப்புகள் இருக்கும். விடையின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். அதே எண்ணுள்ள கட்டத்தில் எழுத்தைக் கொண்டுபோய்ப் போட்டால் மேற்கோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். விடைகளின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தால் எழுதியவர் பெயரும் படைப்பின் பெயரும்.

சுகம் இருப்பது திரும்பி வரும் வழியில். மூன்று கட்டச் சொல் ஒன்றில் முதலில் ‘டி’, கடைசியில் ‘இ’ விழுந்திருக்கிறது. ஆங்கிலத்தின் ‘the’ தான் என்று நடுவில் ‘ஹெச்’சைக் கை தானாக எழுதிவிடும். அந்தக் கட்டத்தின் எண்ணைப் பிடித்துக்கொண்டு குறிப்புக்குப் போனால், அரை மணி நேரமாக மசியாத ஒரு விடையின் நாலாவது எழுத்து அது! விடை பிடிபடுகிறது, உடனே இன்னும் ஐந்தாறு எழுத்துகளை மேற்கோளுக்கு அனுப்புகிறது. இப்படிப் போய்வந்து படித்த வரி மறக்குமா? கூகுளில் பார்த்த வரி மறுநாள் நினைவிருக்கிறதா, சொல்லுங்கள்.

இதை உருவாக்கிய எலிசபெத் கிங்ஸ்லி, நியூயார்க்கின் புரூக்ளினில் வாழ்ந்தவர். தான் படித்த வெல்லெஸ்லி கல்லூரிக்கு ஒருமுறை போனபோது, மாணவிகள் புதுமை எழுத்தில் மூழ்கிப் பழைய ஆங்கில இலக்கியத்தை விட்டுவிட்டார்களே என்று அவருக்கு மனம் பொறுக்கவில்லை. 1934 மார்ச்சில் ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழில் முதல் புதிரைக் கொடுத்தார். உள்ளே ஒளித்து வைத்தது ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் ‘யுலிஸிஸ்’ கவிதை வரிகள். குறை சொல்லிக்கொண்டு இருக்காமல், நல்ல வரியைத் தேடிப் பிடிக்கிற ஆசையை உண்டாக்கினார் பாருங்கள், அதற்காகவே அவர் மேல் எனக்குத் தனி மரியாதை. மேற்கோளின் எழுத்துகள் மொத்தத்தையும் விடைகளாகப் பிரிக்க வேண்டும். ஒன்று மிஞ்சக்கூடாது, ஒன்று குறையக்கூடாது. எவ்வளவு உழைப்பு!

தமிழில் ஒன்று செய்து பார்ப்போமே என்று நானும் இறங்கினேன். பாரதியார். பா – பாசனம், ர – ரசம், தி – திண்ணை, யா – யானை. அப்புறம் ‘ர்’. நின்றுவிட்டது. தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காதே! புதுமைப்பித்தன் என்றால் ப், த், ன் என்று மூன்று இடத்தில் முட்டும். கம்பர், இளங்கோவடிகள் எல்லாருக்கும் கடைசியில் ஒரு புள்ளி. சரி, புள்ளி எழுத்துக்கு அதன் உயிர்மெய் வரிசையில் எதையும் வைக்கலாம் என்று ஒரு விதி போட்டுக்கொண்டேன். ‘ர்’ வருகிற இடத்தில் ‘ரோஜா’ உட்கார்ந்துவிட்டது. ஆனால் ‘ன்’னுக்கு இந்த விதியும் உதவவில்லை. னகர வரிசையில் தொடங்கும் தமிழ்ச் சொல்லே கிடையாது. புதுமைப்பித்தனை என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மருமகளுக்கு வழி தெரிந்தால் எழுதச் சொல்லுங்கள்.