பழைய சிஸ்டத்து விண்டோஸ் லைசென்ஸை புது சிஸ்டத்துக்கு மாத்த முடியுமா?

கேள்வி: சார் வணக்கம், திருப்பூர்ல சின்னதா ஒரு அக்கவுண்ட்ஸ் ஆபீஸ் வெச்சிருக்கேன். 2019ல டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணப்போ விண்டோஸ் 10 ப்ரோ ஒரிஜினல் பெட்டியோட காசு குடுத்து வாங்கினேன். அந்த சிஸ்டம் 11 ஏத்த மாட்டேங்குது, அதனால இப்ப புதுசா ஒண்ணு அசெம்பிள் பண்ணிட்டேன். வீட்ல ஒரு பழைய லேப்டாப்பும் இருக்கு, அதுல வாங்கும்போதே விண்டோஸ் போட்டு வந்துச்சு. இந்த ரெண்டுல எதையாவது புதுசுக்கு மாத்திக்கலாமா? கடைக்கார தம்பி, அதெல்லாம் எதுக்குண்ணா, 500 ரூபாய்க்கு நான் கீ போட்டு தரேன்ங்கிறார்.

பதில்: லேப்டாப்பை மறந்துடுங்க சார். டெஸ்க்டாப்ல இருக்கறது அனேகமா மாத்தலாம், அனேகமான்னு ஏன் சொல்றேன்னா நீங்க பெட்டின்னு சொல்றது எந்த பெட்டின்னு பாக்கணும்.

விண்டோஸ் ஒண்ணுதான், ஆனா விக்கிற வழி வேற வேற. தனியா பேக்கா விக்கிறது ரீடெய்ல், அது வாங்கினவரோடது, பழைய மெஷின்ல இருந்து எடுத்துட்டு உங்களோட இன்னொரு மெஷின்ல போட்டுக்கலாம். கம்ப்யூட்டரோட சேத்து குடுக்கறது ஓஇஎம், அது அந்த மெஷினோடது, மெஷின் செத்தா அதுவும் உடன்கட்டை ஏறிடும். உங்க லேப்டாப் ரெண்டாவது ரகம். விண்டோஸ் 8 வந்த 2012ல இருந்து கம்பெனிக்காரங்க விண்டோஸோட கீயை (லைசென்ஸுக்கான 25 எழுத்து நம்பர்) போர்டுல இருக்க பயாஸ் சிப்லயே எழுதி அனுப்பிடறாங்க, அதுக்கு முன்னாடி அடியில ஸ்டிக்கரா ஒட்டி இருப்பாங்க, மடியில வெச்சு வெச்சு நம்பர் எல்லாம் தேஞ்சு போயிருக்கும். அந்த கீயை ஏதாவது சாஃப்ட்வேர் வெச்சு வெளிய எடுத்தாலும் இன்னொரு மெஷின்ல போட உங்களுக்கு உரிமை கிடையாது. லேப்டாப்பை யாருக்காவது வித்தா விண்டோஸும் சேந்து போகும், அவ்வளவுதான்.

டெஸ்க்டாப்புக்கு வருவோம். கீபோர்டுல விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேத்து அமுக்குங்க, ரன்னு ஒரு சின்ன பொட்டி வரும். அதுல ஆங்கிலத்துல எஸ், எல், எம், ஜி, ஆர்னு அடிங்க (கடைசி மூணும் எம்ஜிஆர், அதனால மறக்கவே மறக்காது), ஒரு ஸ்பேஸ் விட்டு ஒரு ஸ்லாஷ், ஒட்டி டி, எல், ஐ, அப்புறம் என்டர். சில செகண்ட் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், பொறுங்க, ஒரு விண்டோ வரும். அதுல டிஸ்கிரிப்ஷன்ங்கிற வரியோட கடைசில ரீடெய்ல் சேனல்னு இருந்தா நல்ல சேதி. ஓஇஎம்னு இருந்தா உங்களுக்கு ஒரிஜினல்னு சொல்லி சிஸ்டம் பில்டர் பேக்கை (கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றவங்களுக்கான ஓஇஎம் பேக்) குடுத்திருக்காங்க, ஒரிஜினல்தான், ஆனா நகராது. வால்யூம்னு இருந்தா, அதை பின்னாடி சொல்றேன்.

ரீடெய்ல்னு பாத்த உடனே சந்தோஷப்பட்டுடாதீங்க, இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. அதே விண்டோல பார்ஷியல் ப்ராடக்ட் கீன்னு அஞ்சு எழுத்து காட்டும். அது உங்க பெட்டிக்குள்ள இருக்க, கீ அச்சடிச்ச அட்டையோட கடைசி அஞ்சு எழுத்தோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. 3வி66டி மாதிரி வந்தா அது உங்க கீ இல்ல, நிறைய ப்ரோ மெஷின்ல மைக்ரோசாஃப்ட்டே போடற பொது கீ. விண்டோஸ் 7 ஓஇஎம்ல இருந்து ஃப்ரீ அப்கிரேட்ல 10க்கு வந்தவங்களுக்கும் இதேதான் காட்டும், ரீடெய்ல்னும் எழுதி இருக்கும், ஆனா அடியில இருக்க உரிமை பழைய ஓஇஎம்தான். அதனால எனக்கு ஸ்க்ரீன்ல காட்டறதை விட அந்த அட்டை மேலதான் நம்பிக்கை. என் அட்டையை நான் பழைய கேபினட்டுக்குள்ளயே பத்திரமா வெச்சு, ஒரு நாள் கேபினட்டோட சேத்து எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு வந்தேன், அந்த கதை வேணாம்.

அட்டை கையில இருக்குன்னா மீதி வேலை லேசு. முதல்ல பழைய சிஸ்டத்துல செட்டிங்ஸ்க்குள்ள ஆக்டிவேஷன் பக்கம் போய் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டை சேத்துடுங்க, டிஜிட்டல் லைசென்ஸ் (மைக்ரோசாஃப்ட் சர்வர்ல உங்க மெஷின் பேர்ல பதிஞ்சிருக்க உரிமை) உங்க அக்கவுண்டோட லிங்க் ஆயிருக்குன்னு ஒரு வரி வரணும். 2016ல தான் இந்த வசதி வந்துச்சு, பின்னாடி தகராறு வந்தா இதுதான் சாட்சி. அப்புறம் டேட்டா எல்லாம் பேக்கப் எடுத்துட்டு, அதே எம்ஜிஆர் கமாண்டுல டிஎல்ஐக்கு பதிலா யு, பி, கே போட்டா கீ அந்த மெஷின்ல இருந்து கழண்டுடும், இதை மட்டும் அட்மினா திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்ல அடிங்க. டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல லைசென்ஸை திருப்பி ஒப்படைச்சு சரண்டர் பண்ணுவீங்கல்ல, அது மாதிரின்னு நினைச்சுக்காதீங்க. டேலியில சரண்டர் பண்ணா அவங்க சர்வருக்கு தெரியும், இங்க கீ கழண்டது உங்க மெஷினுக்கு மட்டும்தான் தெரியும், மைக்ரோசாஃப்ட்டுக்கு சேதி போகாது.

புது சிஸ்டத்துல விண்டோஸ் 11 ப்ரோவே போடுங்க, ஹோம் போட்டுட்டு ஏன் டிஜிட்டல் லைசென்ஸ் வரலன்னு கேக்கறவங்கதான் அதிகம். இன்ஸ்டால்ல கீ கேட்டா இல்லைன்னு தாண்டி போயிட்டு, முடிஞ்சப்புறம் ஆக்டிவேஷன்ல சேஞ்ச் ப்ராடக்ட் கீ குடுத்து அட்டையில இருக்க 25 எழுத்தையும் அடிங்க. 10 ப்ரோ கீ 11 ப்ரோவுக்கும் எடுக்கும். அனேகமா அங்கயே முடிஞ்சிடும். சி008னு முடியிற எரர் வந்தா இந்த கீ வேற மெஷின்லயும் இருக்குன்னு சர்வர் நினைக்குது, கெட் ஹெல்ப் ஆப்ல மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை புடிச்சு பழைய மெஷின்ல எடுத்துட்டேன்னு சொல்லுங்க. எஃப்211னு வந்தா ஹார்ட்வேர் மாறிடுச்சுன்னு அர்த்தம், ட்ரபிள்ஷூட் போய் சமீபத்துல ஹார்ட்வேர் மாத்தினேன்ங்கிறதை தட்டி, அக்கவுண்டுல லாகின் பண்ணி, லிஸ்ட்ல பழைய சிஸ்டம் பேரை தேர்ந்தெடுங்க, அதுக்குத்தான் முன்னாடியே லிங்க் பண்ண சொன்னேன்.

பழைய எஸ்எஸ்டியை அப்படியே கழட்டி புதுசுல மாட்டினா லைசென்ஸும் வந்துடும்னு நினைக்கிறவங்க உண்டு. பூட் ஆகலாம், ஆனா விண்டோஸ் பாக்கறது மதர்போர்டைத்தான், மூலையில ஆக்டிவேட் விண்டோஸ்னு எழுத்து வந்து நிக்கும்.

இப்ப அந்த 500 ரூபாய் கீ. அதுல நிறைய கம்பெனிகளுக்குன்னு குடுத்த வால்யூம் கீதான் (முன்னாடி பின்னாடி சொல்றேன்னேனே, அது) வெளிய கசிஞ்சு வருது, இன்னும் சிலர் கீயே போடாம கம்பெனிகளுக்கான கேஎம்எஸ்ங்கிற ஆக்டிவேஷன் முறையை ஏமாத்தற ஒரு கள்ள ஆக்டிவேட்டரை ஓட்டிட்டு போயிடுவாங்க. கேஎம்எஸ்ல ஒரு தடவை ஆக்டிவேட் ஆனா 180 நாள்தான், ஒவ்வொரு தடவையும் புதுப்பிக்கணும், அதுக்காக அந்த ஆக்டிவேட்டர் பின்னாடி ஓடிட்டே இருக்கும், ஓட விடறதுக்கு ஆன்டிவைரஸை வேற அமத்தி வெச்சிருப்பாங்க. ஊரார் ஜிஎஸ்டி பாஸ்வேர்ட் எல்லாம் இருக்க மெஷின்ல அது தேவையா சார்? அந்த தம்பி ஏற்கனவே போட்டுட்டார்னா எம்ஜிஆர் கமாண்டுல டிஎல்ஐக்கு பதிலா எக்ஸ், பி, ஆர் அடிச்சு பாருங்க, பர்மனன்ட்னு வராம ஒரு தேதி காட்டினா அதுதான் விஷயம், ஃபார்மட் அடிச்சுட்டு உங்க அட்டையில இருந்து ஆரம்பிங்க.

பழைய டெஸ்க்டாப்பும் ஆபீஸ்ல ஓடணும்னா அதுக்கு தனி லைசென்ஸ் வேணும், ஒரு கீ ஒரு மெஷின்தான். அதை ஃபார்மட் பண்ற நாள் அன்னைக்கு டேலியை முதல்ல சரண்டர் பண்ணிடுங்க, மறந்துட்டீங்கன்னா அது தனி அலைச்சல்.