மனச்சோர்வு மருந்துகளும் ஏற்பிகளின் இடமாற்றமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மருந்தின் அளவைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று கேட்ட கடிதங்களை ஒதுக்கிவிட்டேன். அவற்றுக்கு உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் பதில் சொல்ல முடியும்.

கேள்வி: எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மாத்திரை சில மணி நேரத்திலேயே செரோட்டோனின் கடத்தியை (நரம்பணு வெளியிட்ட செரோட்டோனினைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதத்தை) அடைத்துவிடுகிறது. பிறகு மனநிலை தேற ஏன் வாரக்கணக்கில் ஆகிறது?

ஏற்பி என்பது செல்லின் சவ்வில் இருந்துகொண்டு வேதிச் சமிக்ஞையை வாங்கும் புரதம். கூடுதலாகச் சேரும் செரோட்டோனின், மூளைத்தண்டில் அதை உற்பத்தி செய்யும் ராஃபே உட்கருவில் உள்ள நரம்பணுக்களின் 5-எச்டி1ஏ தன்னேற்பிகளையும் (நரம்பணு தான் வெளியிடும் செரோட்டோனினைத் தானே உணரும் ஏற்பிகளையும்) தூண்டிவிடுகிறது. அவை கடிவாளம்போல் இழுத்துப் பிடிக்க, அந்த நரம்பணுக்களின் மின்துடிப்பு குறைகிறது. எலிகளுக்கு ஒரே ஒரு முறை ஃபுளுவாக்ஸெட்டின் என்ற எஸ்எஸ்ஆர்ஐ கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, இந்தத் தன்னேற்பிகளில் ஒரு பகுதி சவ்வை விட்டு உள்ளே போயிருந்தது. மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் இருந்த அதே ஏற்பியோ இடம் பெயரவில்லை. சுமார் 3 வாரம் தொடர்ந்து மருந்து கொடுத்த எலிகளில் தன்னேற்பிகள் பழையபடி சவ்வில்தான் காணப்பட்டன; ஆனால் செரோட்டோனினுக்கு அவை காட்டும் எதிர்வினை மழுங்கிவிட்டிருந்தது. கடிவாளம் இப்படித் தளரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஏற்பி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அது வேலை செய்கிறதா என்று சொல்லிவிட முடியாது. தாமதத்துக்கு இது ஒன்றுதான் காரணம் என்றும் நான் சொல்லவில்லை.

கேள்வி: அப்படியானால் தன்னேற்பியை, அதைத் தடுக்கும் பிண்டோலால் மருந்தைக் கொண்டு அடைத்துவிடலாமே?

1990களிலேயே முயன்று பார்த்துவிட்டார்கள். தொடக்க வாரங்களில் சிலருக்குத் தேறும் வேகம் கூடியது. இறுதிப் பலனில் பெரிய மாற்றமில்லை.

கேள்வி: செல் வளர்ப்பில் 24 மணி நேரம் மருந்து வைத்தேன். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தின் அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனையில்) ஏற்பியின் பட்டை பாதியாக மங்கியது. ஏற்பி சவ்விலிருந்து செல்லுக்குள் உள்வாங்கப்பட்டது என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. எத்தனை முறை சொன்னாலும் இந்தக் கேள்வி ஓய்வதில்லை. முழுச் செல்லையும் கரைத்து எடுத்த சாற்றில், சவ்வில் இருந்த ஏற்பியும் எண்டோசோம் எனும் உட்பைக்குள் போன ஏற்பியும் ஒரே பட்டையாகத்தான் தெரியும். வெறும் உள்வாங்கல் மட்டும் நடந்திருந்தால் உங்கள் பட்டை மங்கியே இருக்காது. மங்கியிருக்கிறது என்றால் ஏற்பி, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சிதைந்திருக்க வேண்டும், அல்லது புதிதாக உருவாவது குறைந்திருக்க வேண்டும். செல்லுக்குள் சமிக்ஞையைக் கடத்தும் ஜி-புரதத்தோடு ஏற்பியின் இணைப்பு தளர்வது, சவ்வில் உருவாகும் கிளாத்ரின் குழிகள் வழியாக அது உள்ளே போவது, சிதைந்து மொத்த எண்ணிக்கையே குறைவது ஆகிய மூன்றும் தனித்தனி நிகழ்வுகள். முதலிரண்டும் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் நடப்பவை. மூன்றாவதற்கு மணிக்கணக்கிலிருந்து நாள்கணக்கு வரை ஆகும். உள்ளே போன ஏற்பி திரும்பவும் சவ்வுக்கு வருவதும் உண்டு. ஒன்றை அளந்துவிட்டு மற்றொன்றின் பெயரைச் சூட்டும் பழக்கம் அச்சேறிய கட்டுரைகளிலேயே இருக்கும்போது மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

செய்ய வேண்டியது இதுதான். செல்களைப் பனிக்கட்டியின் மேல் வைத்து, 4 டிகிரி வெப்பநிலையில் சவ்வுப் போக்குவரத்தை நிறுத்தி, சவ்வைக் கடக்க இயலாத பயோட்டினால் மேற்பரப்புப் புரதங்களுக்கு மட்டும் அடையாளமிட்டு, பயோட்டினைப் பற்றிக்கொள்ளும் ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளால் அவற்றைப் பிரித்தெடுங்கள். மேற்பரப்பையும் மொத்தத்தையும் அருகருகே காட்டுங்கள். பிரித்தெடுத்த பகுதியில், செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் புரதத்தின் பட்டை அழுத்தமாகத் தெரிந்தால், பயோட்டின் சிதைந்த செல்களுக்குள் புகுந்துவிட்டது என்று பொருள். அந்தப் படத்தைப் பயன்படுத்தாதீர்கள். ஒளிரும் புரதம் ஒட்டிய ஏற்பியை மிகையாக உற்பத்தி செய்யும் செல்களைப் படமெடுப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: உள்ளே மின்னுவதில் பெரும்பகுதி, சவ்வுக்கு இன்னும் போய்ச் சேராத ஏற்பியாகவே இருக்கக்கூடும்.

கேள்வி: மியான்செரின் என்ற மனச்சோர்வு மருந்து 5-எச்டி2ஏ என்ற செரோட்டோனின் ஏற்பியைத் தடுக்கிறது. தடுத்தால் எண்ணிக்கை கூடத்தானே வேண்டும்? ஏன் குறைகிறது?

தூண்டினால் குறையும், தடுத்தால் கூடும் என்ற பாடநூல் விதி இந்த ஏற்பிக்குப் பொருந்தாது. இதைத் தூண்டும் மருந்தும் குறைக்கிறது, தடுக்கும் மருந்துகள் பலவும் குறைக்கின்றன.

கேள்வி: 50 மைக்ரோமோலார் ஃபுளுவாக்ஸெட்டின் வைத்ததில் எல்லா ஏற்பிகளும் இடம் மாறின. ஏன்?

எந்தச் செல், எவ்வளவு நேரம் என்று எழுதாத கடிதத்துக்கு இதற்குமேல் பதில் எதிர்பார்க்க வேண்டாம்: செறிவு அதிகம். சிகிச்சை அளவில் ரத்தத்தில் இருப்பது ஏறத்தாழ 1 மைக்ரோமோலார். மூளையில் அதுபோல் 10 மடங்கு, சில கணக்குகளில் அதற்கும் மேல், சேரும். கொழுப்பை நாடும் இந்தக் காரத்தன்மையுள்ள மருந்து அமிலம் நிறைந்த லைசோசோமில் குவிந்து அதை வீங்கச் செய்யும். அந்தக் களேபரத்தில் எதுதான் இருந்த இடத்தில் இருக்கும்? மறுபுறம், 2021இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகக் குழுவினர் இம்மருந்துகள், நரம்பணுக்களை வளர்க்கும் புரதமான பிடிஎன்எஃப்-இன் ஏற்பியான ட்ரக்-பியின் சவ்வூடு பகுதியில் நேரடியாகப் பிணைவதாகக் காட்டியபோது, அதற்குத் தேவைப்பட்ட செறிவும் மைக்ரோமோலார் கணக்கில்தான் இருந்தது. மூளையில் மருந்து சேர்கிறது என்பதால்தான் அது பொருட்படுத்தத் தக்கதாகிறது. செல், நேரம், செறிவு மூன்றையும் எழுதாமல் எந்த முடிவையும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: கீட்டமின் மட்டும் சில மணி நேரத்தில் வேலை செய்வது எப்படி?

கீட்டமின், குளுட்டமேட் என்ற வேதிச் சமிக்ஞையை வாங்கும் என்எம்டிஏ ஏற்பியை அடைக்கிறது; அதன் பின்விளைவாக, குளுட்டமேட்டை வாங்கும் இன்னொரு வகையான ஆம்பா ஏற்பிகள், குறிப்பாக குளூஏ1 கூறு கொண்டவை, சினாப்ஸின் (நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தின்) சவ்வில் கூடுதலாகப் பொருத்தப்படுகின்றன. எலிகளில் ஆம்பா ஏற்பியைத் தடுத்துவிட்டால் கீட்டமினின் பலனும் மறைகிறது. தடுப்பு நரம்பணுக்கள் அடங்குவதால் குளுட்டமேட் பெருகி இது நடக்கிறது என்பது ஒரு தரப்பு. ஓய்வுநிலையிலும் கசியும் குளுட்டமேட்டின் சமிக்ஞை தடைபட்டுப் புரத உற்பத்தி முடுக்கப்படுகிறது என்பது இன்னொரு தரப்பு. வழக்கு இன்னும் முடியவில்லை.

கேள்வி: நீண்ட நாள் எஸ்எஸ்ஆர்ஐ எடுத்தால் செரோட்டோனின் கடத்தியே குறையுமாமே? நிறுத்தினால் திரும்புமா? நானே நிறுத்திப் பார்க்கலாமா?

எலிகளில் சில வாரம் கொடுத்தபோது கடத்தியின் பிணைப்பிடங்கள் வெகுவாகக் குறைந்தன; அந்தப் புரதத்தை உருவாக்கும் கட்டளையான செய்தி ஆர்என்ஏ குறையவில்லை. ஆகவே இழப்பு மரபணுப் படியெடுப்பில் அல்ல, புரதம் உருவான பிறகு நேர்கிறது என்றே கொள்ள வேண்டும். மருந்தை நிறுத்தியபின் கடத்தி மீண்டது. மூன்றாவது கேள்விக்கு: கூடாது. பராக்ஸெட்டின் என்ற எஸ்எஸ்ஆர்ஐயின் அரைவாழ்வு (உடலில் அதன் அளவு பாதியாகும் காலம்) ஏறத்தாழ ஒரு நாள்தான் என்பதால் திடீரென நிறுத்துபவருக்குச் சில நாட்களிலேயே தலைச்சுற்றலும் எரிச்சலும் வரக்கூடும். ஃபுளுவாக்ஸெட்டினின் வளர்சிதைப் பொருளோ ஒன்றிரண்டு வார அரைவாழ்வோடு உடலில் தங்கியிருக்கும், அதனால் தொல்லை வந்தாலும் பிந்தியே வரும். எதை எந்த வேகத்தில் குறைப்பது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.