சித்தப்பா பார்த்துவிட்ட படம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நானும் உங்களைப் போல மலேசியாவில் பாடாங் செராய்தான். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. என் மகள் மெல்பர்னில் ஓவியம் படிக்கிறாள், 22 வயது. தீபாவளிக்கு மறுநாள் எனக்கு அனுப்ப வேண்டிய ஒரு படத்தைக் கைதவறி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். வகுப்பில் கரியால் வரைந்ததாம். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பொட்டுத் துணி இல்லாமல் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். விலா எலும்பெல்லாம் தெரிகிறது. அந்தக் குழுவில் 39 பேர் இருக்கிறோம் ஐயா. என் கொழுந்தனார், “இதுக்குத்தான் வீட்டை அடமானம் வெச்சீங்களா அண்ணி?” என்று எல்லாருக்கும் தெரிய எழுதிவிட்டார். மாமியார் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மகளைக் கேட்டால், “சித்தப்பாவை நம்ம கோயில் சிலையெல்லாம் எப்படி இருக்குன்னு போய்ப் பாக்கச் சொல்லும்மா” என்கிறாள். எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் படுகிறது. ஓவியம் கற்க இது அவசியம்தானா? துணி உடுத்திய ஆளை வரையக் கூடாதா? பெரிய பெரிய ஓவியர்கள் எல்லாம் ஏன் அம்மணப் படமாகவே வரைந்து வைத்திருக்கிறார்கள்? பதில் எழுதினால் என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் சிரித்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள். 39 பேர் இருக்கிற குழு என்று படித்ததும் அடக்க முடியவில்லை.

கோயில் வாதத்தில் நான் உங்கள் மகள் பக்கம் இல்லை. சோழர் காலத்து உமையின் செப்புத் திருமேனியை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தால், மார்பில் நகை இருக்கும், துணி இருக்காது. ஆனால் அப்படிப்பட்ட திருமேனிகள் கோயிலில் இருந்தபோது பட்டும் மாலையும் சாத்தித்தான் ஊர் பார்த்தது. அலங்காரம் முடிகிற வரைக்கும் திரை போட்டிருப்பார்கள். நம் மாரியம்மன் கோயிலிலும் அதுதானே வழக்கம்? சிற்பி மார்பில் துணியில்லாமல் வடித்தார், குருக்கள் உடுத்திவிட்டார், நாம் கும்பிட்டோம். அந்த உடம்பை வெறும் உடம்பாக நின்று பார்ப்பது அருங்காட்சியகம் வந்த பிறகு பழகிய பழக்கம். அப்புறம் ரவி வர்மா 1894ல் சொந்தமாக அச்சகம் வைத்து, லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் சேலை ரவிக்கை உடுத்தி, வீடு வீடாகப் போய்ச் சேர வைத்தார். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட காலண்டர் சாமிகள் எல்லாம் அந்த வம்சம்தான். ஆகவே கொழுந்தனாரைக் கோயிலுக்கு அனுப்பினால் அவர் ஜெயித்துவிட்டுத்தான் திரும்பி வருவார்.

ஆனால் ரவிக்கையும் மானமும் சேர்ந்தே பிறந்தவை என்று அவர் நினைத்தால், என் பாட்டி கதையைச் சொல்லுங்கள். 1948ல் இங்கே மலாயாவில் அவசரகாலம் அறிவித்ததும், 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படம் ஒட்டி, கைரேகை வைத்த அடையாள கார்டு வைத்திருக்க வேண்டும் என்று வெள்ளைக்கார அரசு சட்டம் போட்டது. எங்கள் ரப்பர் தோட்டத்துக்கே வந்து படம் எடுத்தார்களாம். பாட்டி அதுவரைக்கும் ரவிக்கை போட்டவர் இல்லை. தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர், அதே கட்டோடுதான் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்கும் போனார். படத்துக்கு அப்படி நிற்கக் கூடாது என்று கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டம்மா தன் ரவிக்கையைக் கொடுத்திருக்கிறார். பாட்டிக்குத் தொளதொள. முதுகில் மூன்று ஊக்கு குத்தி இறுக்கி நிறுத்தினார்கள். படத்தில் பாட்டி யாரோ மாதிரி இருப்பார், தோள் இரண்டும் தூக்கிக்கொண்டு, மூச்சை அடக்கியபடி. அந்தக் கார்டை எடுக்கும்போதெல்லாம், “அடுத்தவ ரவிக்கையில நிக்கிறேன், வெக்கமா இருக்கு” என்பார். கார்டை மடித்த கைக்குட்டைக்குள் வைத்திருப்பார்.

சரி, ஓவியர்களுக்கு வருவோம்.

கிரேக்கர்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அவர்களுக்கு விளையாட்டு வீரனின் நிர்வாணம் பெருமை. பெண்ணை ஆளுயரத்துக்கு முழு நிர்வாணமாக வடிக்கும் துணிச்சல் மட்டும் வெகுநாள் வரவில்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டில் பிராக்சிடலீஸ் என்ற சிற்பி காதல் தெய்வமான ஆப்ரொடைட்டியை இரண்டு விதமாகச் செய்தார் என்று ரோமானியரான பிளினி எழுதுகிறார். ஒன்று துணியோடு, ஒன்று துணியில்லாமல். கோஸ் தீவுக்காரர்கள் மரியாதையாகத் துணியோடு இருந்ததை வாங்கிக்கொண்டார்கள். மிச்சமிருந்ததை நைடஸ் ஊர்க்காரர்கள் வாங்க, அதைப் பார்க்கவே ஜனங்கள் கப்பலேறி வந்தார்களாம். துணி உடுத்தியதை இன்று யார் நினைக்கிறார்கள்?

கிறித்தவம் வந்த பிறகு இழுபறி. ஃபுளோரன்ஸில் ஒரு தேவாலயச் சுவரில் மசாச்சோ 1425 வாக்கில் வரைந்த ஆதாம் ஏவாள், தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு அழுதுகொண்டே நடக்கிறார்கள். இரண்டரை நூற்றாண்டு கழித்து யாரோ அவர்கள் இடுப்பில் இலை வரைந்து சேர்த்தார்கள், 1980களில் சுத்தம் செய்தபோது அந்த இலைகளை எடுத்தார்கள். மைக்கேலாஞ்சலோ கதை இன்னும் வேடிக்கை. ‘இறுதித் தீர்ப்பு’ சுவரை 1541ல் முடித்தார். சாமி கும்பிடுகிற இடத்தில் இவ்வளவு அம்மணமா என்று போப்பின் சடங்கு அதிகாரி பியாஜோ புகார் சொல்ல, அவரையே நரகத்தில் கழுதைக் காதோடு வரைந்துவிட்டார் மைக்கேலாஞ்சலோ. மைக்கேலாஞ்சலோ இறந்த மறு வருஷம் வேறொரு ஓவியரை விட்டு அங்கங்கே துணி போடவைத்தார்கள். அந்த ஆளுக்கு ரோமில் ‘கால்சட்டைக்காரர்’ என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. கழுதைக் காது சமாச்சாரத்தைக் கொழுந்தனாரிடம் சொல்ல வேண்டாம், வீட்டில் அமைதி முக்கியம்.

உங்கள் கொழுந்தனார் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய பெயர் வாங்கிய நிர்வாண ஓவியங்களில் பல, பணக்கார ஆண்கள் தங்கள் அறையில் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்லி வாங்கியவைதான். 1538ல் டிஷியன் ஓர் இளவரசருக்கு விற்றது, கோயா வரைந்து ஸ்பெயின் மந்திரியின் தனியறைக்குப் போனது எல்லாம் அந்த வகை. வெளியில் மாட்ட வேண்டுமானால் வீனஸ் என்று ரோமானியரின் காதல் தெய்வத்தின் பெயரை வைத்தால் போதும். பெயர்தான் அங்கே சேலை. 1863ல் பாரிஸில் கபனேல் என்பவர் கடல் அலைமேல் ஒரு வீனஸைப் படுக்கவைத்தார். அரைக்கண் மூடி நெளிகிறாள், மேலே குட்டி தேவதைகள் சங்கு ஊதுகிறார்கள். எனக்கு அது பழைய சோப்பு விளம்பரம் மாதிரித்தான் படுகிறது. பேரரசர் மூன்றாம் நெப்போலியனே அதை வாங்கினார், யாரும் முகம் சுளிக்கவில்லை. அதே வருஷம் மானே ‘ஒலிம்பியா’வை வரைந்து 1865ல் காட்சிக்கு வைத்தபோது பாரிஸே கொதித்தது. படத்தைக் கைக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கி மாட்ட வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் கபனேலின் வீனஸைவிட இவள் ஒன்றும் கூடுதலாகக் காட்டிவிடவில்லை. கையை இறுக்கி வைத்து மறைத்தே இருக்கிறாள். ஆனால் இவள் தேவதை இல்லை, பாரிஸில் காசு வாங்குகிற ஒருத்தி, வந்தவனை நேருக்கு நேர் பார்க்கிறாள். பார்க்க வந்தவர்களைத் திருப்பிப் பார்த்துவிட்டாள், அதுதான் கோபம்.

நான் ஒரே ஒரு முறை பாரிஸ் போயிருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து போன சுற்றுலா. லூவ்ர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் எல்லாரும் மோனாலிசாவைப் பார்க்க ஓடினார்கள், நான் வழிதவறி ரெம்ப்ராண்ட் பக்கம் போய்விட்டேன். ‘பத்சேபா’, 1654ல் வரைந்தது. பைபிள் கதைதான்: அடுத்தவன் மனைவி குளிப்பதை மாடியிலிருந்து பார்த்த தாவீது ராஜா அவளை வரச்சொல்லி ஆள் அனுப்புகிறான். படத்தில் அவள் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வலது கையில் ராஜாவின் கடிதம், அதன் ஒரு மூலை மடங்கியிருக்கிறது. கீழே ஒரு கிழவி குனிந்து அவள் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், கடிதத்தைப் பற்றி அந்தக் கிழவிக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. வயிறு கொஞ்சம் சரிந்த உடம்பு, பெரிய கைகள், நம் தெருவில் தண்ணீர் தூக்குகிற பெண்ணுக்கு இருக்கிற மாதிரி. முகத்தைத் தாழ்த்திக் கடிதத்தையும் பார்க்காமல் கிழவியையும் பார்க்காமல் இருக்கிறாள். போனாலும் கெட்டது, போகாவிட்டாலும் கெட்டது. முதலில் தலையை நிமிர்த்தி வரைந்து, பிறகு ரெம்ப்ராண்ட் அதைச் சாய்த்திருக்கிறார் என்று எக்ஸ்ரே எடுத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அவளுக்குத் துணி இல்லை என்பது எனக்கு எப்போது மறந்தது என்று தெரியவில்லை. கூட வந்தவர்கள் கைப்பேசியில் கூப்பிட்டபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. அவசியம்தானா? பயிற்சிக் கல்லூரியில் நான் ஓவியம் துணைப்பாடமாக எடுத்தவன். நண்பனை நாற்காலியில் உட்காரவைத்து, வெள்ளைச் சட்டை, மடித்த கை, சட்டைப்பை, பேனா எல்லாம் அச்சாக வரைந்தேன். வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, “சட்டை நல்லா இருக்கு, உள்ள ஆளைக் காணோமே” என்றார். உண்மைதான். தோள் எங்கே முடிகிறது, முழங்கை எங்கே மடங்குகிறது என்று தெரியாமல் போட்ட சட்டை அது, அரிசி மூட்டைக்குப் பொத்தான் வைத்த மாதிரி இருந்தது. 1435லேயே ஆல்பெர்ட்டி என்கிற இத்தாலியர் எழுதி வைத்திருக்கிறார்: ஆளை முதலில் துணியில்லாமல் வரை, பிறகு உடுத்து. அதற்கும் உள்ளே போய் எலும்பிலிருந்து தொடங்கு என்கிறார். நான் அந்த வரியைப் படித்தபோது வயது ஐம்பது தாண்டிவிட்டது.

கொழுந்தனாருக்கு ஏதாவது சொல்லத்தான் வேண்டும் என்றால் இதைச் சொல்லுங்கள். உங்கள் மகள் உட்கார்ந்திருக்கிற வகுப்பறைக்குள் பெண்களை நெடுங்காலம் விடவே இல்லை. லண்டனில் ராயல் அகாடமி என்ற ஓவியக் கழகம் 1768ல் தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் உண்டு, ஏஞ்சலிகா காஃப்மனும் மேரி மோசரும். சில வருஷம் கழித்து உறுப்பினர்கள் நிர்வாண மாடலைச் சுற்றி நிற்பதாக சோஃபனி ஒரு குழுப்படம் வரைந்தார். ஆண்கள் கூடத்தில் நிற்கிறார்கள். அந்த இரண்டு பெண்கள்? சுவரில் மாட்டிய முகப்படமாகத் தொங்குகிறார்கள். மாடல் இருக்கிற அறையில் அவர்களை நிற்கவைத்து வரைய முடியாதாம், படத்தில்கூட! அந்த அகாடமியின் மாணவிகளுக்கு ஆண் மாடல் கிடைத்தது 1893ல், அதுவும் இடுப்பில் துணி சுற்றி. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் தாமஸ் ஈகின்ஸ் என்ற ஆசிரியர், பெண்கள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத் துணியை எடுத்தார் என்று 1886ல் வேலையைவிட்டுப் போகச் சொன்னார்கள். மாடல் வரையத் தெரியாதவருக்குப் பெரிய புராணப் படம், சரித்திரப் படம் வரைய வராது. அப்புறம், பெண்களில் ஏன் பெரிய ஓவியர் இல்லை என்று கேட்டால் எப்படி?

கதவு திறந்ததும் பெண்கள் என்ன வரைந்தார்கள் என்று பாருங்கள். ஜெர்மனியில் பவுலா மோடர்ஸோன்-பெக்கர் 1906ல், கல்யாணமாகி ஐந்து வருஷம் முடிந்த நாளில், இடுப்புக்கு மேல் துணியில்லாமல் தன்னையே வரைந்துகொண்டார். நெளிவு இல்லை, அரைக்கண் இல்லை. கழுத்தில் ஒரு மாலை, வயிற்றைச் சுற்றிக் கைகள். நியூயார்க்கில் ஆலிஸ் நீல் தன் நிர்வாணத்தை வரைந்து முடித்தபோது வயது 80. கோடு போட்ட நாற்காலி, கண்ணாடி, கையில் தூரிகை, சரிந்த மார்பு, தொங்கும் வயிறு. அதைப் படுக்கையறையில் மாட்டிக்கொள்ள எந்த மந்திரி வாங்குவார்?

அந்த நீல் படத்தைப் புத்தகத்தில் பார்த்தபோது எனக்குப் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. கடைசி நான்கு மாதம் பாட்டி படுக்கையிலேயே இருந்தார். அப்போது எனக்கு முப்பது வயது. அம்மா ஒருத்தியால் தூக்க முடியாது என்பதால் குளிப்பாட்ட நானும் கைகொடுப்பேன். முதல் நாள் நான் சுவரைப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தேன். “என்னடா, செவுத்தையா குளிப்பாட்டுற?” என்றார் பாட்டி. அப்புறம்தான் பார்த்தேன். வலது தோள் இடதைவிட இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. அதன்மேல் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு காய்ப்பு. இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, தோளில் வைத்துத் தூக்குகிற காண்டா கம்பு அழுத்தி அழுத்தி வந்தது. சோப்பு போடும்போது கை அதில் ஏறி இறங்கும். முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், அந்தத் தோளை நான் அதுவரை பார்த்ததில்லை. அடையாள கார்டுப் படத்தில் அது கிராணி வீட்டம்மாவின் ரவிக்கைக்குள் இருக்கிறது.

உங்கள் மகள் வரைந்த கிழவர் மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்கிறவராக இருப்பார். அதுவும் ஒரு வேலை, லேசான வேலை இல்லை. மகளிடம் அடுத்த முறை பேசும்போது, அவரை வரைவதில் எந்த இடம் கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த வரையில் கழுத்தும் தோளும் சேருகிற இடம்தான் ஆளைப் படுத்தும்.

மாமியாரிடம் கொஞ்ச நாள் ஒன்றும் பேச வேண்டாம், பொங்கலுக்குள் சரியாகிவிடும். அந்தப் படத்தைக் குழுவிலிருந்து அழித்திருப்பீர்கள், அது சரிதான். மகளுக்குச் சம்மதம் என்றால் எனக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். விலா எலும்பைப் போட்டிருக்கிறாள் என்றீர்களே, தோளை எப்படிப் போட்டிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.