கேம் நின்றுபோனால் பையனை என்ன செய்வது? பெங்களூரு பெற்றோருக்கு

ஆடிக்கொண்டிருந்த கேம் திடீரென நின்றதிலிருந்து, செகண்ட் பி.யு.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். "விட்டது சனியன்" என்று மட்டும் அவன் காதுபடச் சொல்லாதீர்கள், அம்மா. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஹெட்போன் மாட்டினால் அவனோடு பேச மூன்று பேர் இருந்தார்கள். இப்போது அவர்களும் இல்லை.

உண்மையில் நின்றது எது என்று முதலில் பாருங்கள். சர்வர் பராமரிப்பு என்றால் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். 2022 ஜூலையில் பப்ஜியின் இந்திய வடிவமான பி.ஜி.எம்.ஐ. ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுக்கப்பட்டபோது, ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2023 மே மாதம் அது திரும்பவும் வந்தது. பப்ஜி மொபைல் கதை வேறு. 2020 செப்டம்பர் 2-இல் தடை, அக்டோபர் 30-இல் சர்வரே நின்றது. இப்படி இடையில் நாட்கள் கிடைத்தால் யு.ஐ.டி. (கேமில் அவனுடைய அடையாள எண்), லாகின் மின்னஞ்சல், ரேங்க் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், போட்டிச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பணம் கட்டி 48 மணி நேரம் ஆகவில்லையென்றால் கூகுள் பிளேயிலேயே ரீஃபண்ட் கேட்கலாம். தாண்டிவிட்டால், ரசீதில் 'ஜி.பி.ஏ.' என்று தொடங்கும் ஆர்டர் எண்ணோடு கேம் நிறுவனத்துக்கு எழுத வேண்டும்.

அடுத்து அவன், வெளிநாட்டிலிருந்து ஆடுவதுபோல் காட்டும் வி.பி.என். தேடுவான். இணைப்பு வெளிநாடு சுற்றி வருவதால் பிங் (சர்வர் பதில் தரும் தாமதம்) எகிறும், ஆட்டம் தோற்கும், கோபம்தான் கூடும். கண்ட தளத்தில் இறக்கும் ஏ.பி.கே. (ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் ஆப் கோப்பு) இன்னும் மோசம்: எஸ்.எம்.எஸ். அனுமதி கொடுத்துவிட்டால் ஓ.டி.பி. வெளியே போய்விடும். பல வீடுகளில் அப்பாவின் யு.பி.ஐ.யும் அதே போனில்தான்!

காலியான அந்த நேரத்தில் மறுநாளே கே.சி.இ.டி. (கர்நாடக நுழைவுத்தேர்வு) கிராஷ் கோர்ஸைத் திணிக்காதீர்கள். முதல் வாரம் நண்பர்களோடு டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பில் ஒரு மணி நேரம் பேசட்டும். பதினொன்றுக்குள் தூங்கினால் போதும். இரண்டு வாரமாகியும் தூக்கமும் கல்லூரியும் தடுமாறினால் பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில், போன், கேம் பழக்கத்தைப் பார்க்கும் ஷட் கிளினிக் இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

இனி, 'கேமிங்தான் என் கெரியர்' என்று அவன் சொல்வதைப் பார்ப்போம். ஆடிச் சம்பாதிப்பவரின் வருமானம் ஒரே ஒரு சர்வரை நம்பி இருக்கிறது. கேம் செய்பவருக்கு அந்தக் கட்டு இல்லை. அவன் எந்தப் பக்கம் என்பதைச் சோதிக்க இதைவிட நல்ல சமயம் வராது. கேம் செய்ய உதவும் இலவச மென்பொருளான கோடோவை லேப்டாப்பில் போட்டுக் கொடுங்கள்: ஓர் ஆள், ஒரு சுவர், ஒரு ஸ்கோர் உள்ள சின்ன கேமை இரண்டு வார இறுதிகளில் அவனே செய்து பார்க்கட்டும். ஆள் சுவருக்குள் புகுந்து போகும்போது ஏன் என்று நோண்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் விடுங்கள். சுவரை அழகாக்குவதிலேயே உட்கார்ந்திருந்தால் டிசைன்: இளநிலை டிசைன் படிப்பான பி.டெஸ்.ஸுக்கு யூசீட் நுழைவுத்தேர்வு எழுதலாம், எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம். தேசிய டிசைன் நிறுவனமான என்.ஐ.டி.யின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் முதுகலைப் படிப்பும் இருக்கிறது. அதை டிகிரிக்குப் பிறகு யோசிக்கலாம். அரை மணியில் மூடிவிட்டானா? அவனுக்குப் பிடித்தது ஆட்டம் மட்டும்தான். அதுவும் தப்பில்லை, ஆனால் அதை நம்பி பி.யு.சி.யைக் கோட்டைவிட வேண்டாம்.

ஏதாவது அணியோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறானா என்றும் கேளுங்கள். 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், கேம் நின்ற மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்ற பிரிவைத் தேடிப் படித்துவிட்டு அடுத்த முறை எழுதும்போது அதையும் எழுதுங்கள்.